கரையில் ஒரு ஆள் நிற்கட்டும்

அன்பு மகளுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன்.

நீ அனுப்பின படம் கிடைத்தது. கறுப்பு உடுப்போடு அலைச்சறுக்குப் பலகையைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு நிற்கிறாய். முகம் மெலிந்து போச்சு என்று அம்மா சொல்கிறா. நான் பார்த்தது உனக்குப் பின்னால் கிடந்த கடலை. மணலில் ஒரு சனமில்லை, ஒரு கொடியில்லை. போனைக் கல்லில் சாத்தி வைத்து எடுத்ததுபோல் இருந்தது.

தனியாக இறங்காதே, மகள். இதைத்தான் முதல் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் நியூகீ கடல் நம்முடைய திருகோணமலை உப்புவெளிக் கடல் இல்லை. இங்கே வற்றும் பெருக்கும் ஒரு முழம், ஒன்றரை முழம். அங்கே பெரிய பெருக்கு நாளில் 6 மீற்றருக்குக் கிட்ட ஏறி இறங்கும். அதுவும் ஒரே சீராக ஏறாது. பெருகுகிற 6 மணித்தியாலத்தில் முதல் மணியில் அவ்வளவாகத் தெரியாது. நடுவில் வரும் 2 மணியில் பாதித் தண்ணீர் வந்துவிடும். அதாவது 2 மணியில் 3 மீற்றர், ஆள் உயரத்தின் ஒன்றரை மடங்குக்கும் மேல். பக்கத்து வோட்டர்கேற் கடற்கரைக்குப் போனால் பின்னால் செங்குத்துப் பாறை, பெரிய பெருக்கில் மணலே இருக்காது. பெருக்கு நேரத்தைப் பார்க்காமல் வீட்டுப் படியிறங்காதே.

காற்றையும் பார். கச்சான் காற்று அடிக்கிற நாளில் நம்முடைய கரை எண்ணெய் ஊற்றினதுபோல் கிடக்கும், உனக்குத் தெரியும். அது தரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. அங்கே கரை மேற்கைப் பார்க்கிறபடியால் கிழக்குக் காற்றுத்தான் அந்த வேலையைச் செய்யும். அலை வடிவாக நிமிர்ந்து நிற்கும், பலகைக்காரருக்கு ஆசையாக இருக்கும். பாறை மறைப்பில் நிற்கும்போது காற்றே இல்லைப்போலிருக்கும். 200 மீற்றர் வெளியே போனால் முதுகில் பிடித்துத் தள்ளும். திரும்பி வர முழுத் தூரமும் காற்றுக்கு எதிரே கையால் வலிக்க வேண்டும். கடற்கரைக் கம்பத்தில் செம்மஞ்சள் காற்றுப்பை ஏற்றியிருந்தால், காற்று கடலுக்குத் தள்ளுது என்பதைத்தான் சொல்கிறார்கள்.

அலையின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதே. இரண்டு அலைக்கு இடையில் எத்தனை செக்கன் என்று பார். ஒரு மீற்றர் அலை 7 செக்கனில் வருவதற்கும் 14 செக்கனில் வருவதற்கும் பலத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம். நீண்ட இடைவெளி அலை கூட்டமாக வரும், பிறகு கனநேரம் கடல் தூங்கும். அந்தத் தூக்கத்தில் வந்து பார்க்கிறவன் சின்னக் கடல் என்று நினைத்து இறங்குவான். கரையில் 20 நிமிஷம் நின்று பார்த்துவிட்டு இறங்கு. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பரிலும் அத்திலாந்திக்கில் எங்கோ சூறாவளி என்றால், அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இந்த அலை வந்து சேரும்.

அலை உடையாமல் ஒரு பாதை கறுப்பாக, அமைதியாகக் கிடந்தால் அதுதான் இழுவை. நுரையும் கலங்கின மணலும் அந்த வழியால் வெளியே போகும். மாட்டுப்பட்டால் அதோடு மல்லுக்கட்டாதே. பலகையை விடாதே, அதுதான் உன்னை மிதக்க வைக்கும். கரைக்கு நேரே வராமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டாகப் போய், அலை உடைகிற இடத்தால் வா. ஏலாவிட்டால் கையை உயர்த்திக் கத்து. கத்தினால் கேட்க ஒரு ஆள் வேணும், மகள்.

உயிர்காப்பாளர் அநேகமாக 10 மணியிலிருந்து 6 மணிவரைதான். நீ விடிய 6 மணிக்குப் போகிறாய். ஏன் என்றும் விளங்குது, மத்தியானக் கடற்காற்று எழும்பினால் அலை குழம்பிவிடும். ஆனால் 10 மணிக்கும் பெரும்பாலும் அது எழும்பியிருக்காது. கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடிகளுக்கு இடையில் இறங்கு. சிவப்பு மஞ்சள் நீந்துகிறவர்களுக்கு.

ஆனி மாதத் தண்ணீர் அங்கே 14 பாகை, ஆவணியில்கூட 17. நீ 28 பாகைத் தண்ணீரில் கால் நனைத்த பிள்ளை. சடாரென்று விழுந்தால் மூச்சு தானாக இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. முகத்தை மேலே வைத்து மிதந்துகொண்டு கிட. ஒன்றரை நிமிஷத்தில் மூச்சு ஒழுங்குக்கு வரும். மற்றவர்கள் உடம்பில் 3, கை காலில் 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள 3/2 றப்பர் உடுப்புப் போடட்டும், நீ 4/3 போடு. கழுத்திலும் முதுகின் கீழும் கை போகிற அளவு தொய்வு இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் புதுக் குளிர்த் தண்ணீர் உள்ளே புகும், பிறகு அதைப் போட்டும் பிரயோசனமில்லை. படத்தில் உன்னுடையது இடுப்பில் சுருங்கிக் கிடக்கிறது. ஆரிடமோ இரவல் வாங்கினதா?

கரையேறின பிறகும் கொஞ்ச நேரம் உடம்பு உள்ளே குளிர்ந்துகொண்டே போகும். உடனே சுடுதண்ணீரில் நிற்காதே. ஈரத்தைக் கழற்றி, துடைத்து, கம்பளி போட்டு, தேத்தண்ணி குடி. நடுக்கம் நிற்குமுன் கார் எடுக்காதே. இதையெல்லாம் தனியாகச் செய்யக் கஷ்டம், விரல் விறைத்தால் உடுப்பின் சிப்பே இழுபடாது.

வாரக் கணக்காக நீ எடுக்கவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறா. வேலை இருக்கும். ஒரு பொம்பிளைப்பிள்ளை அந்தக் கடலில் பலகை மேல் எழும்பி நிற்கிறாள் என்று இறங்குதுறையில் எல்லோருக்கும் படத்தைக் காட்டினேன். காட்டினதற்குப் பிறகுதான் நெஞ்சு அடித்தது.

அண்ணன்மார் இரண்டு பேருக்கும் நீந்தப் பழக்கினேன். உன்னைக் கரையில் இருத்தினேன். 2004 மார்கழிக்குப் பிறகு அதற்கும் விடவில்லை, யன்னலைக்கூடச் சாத்தினேன். பயம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். பயம் மட்டுமில்லை. பொம்பிளைப்பிள்ளைக்குக் கடல் எதற்கு என்றும் நினைத்தேன். அது என் பிழை. கடலை வாசிக்கிற வித்தை முழுக்க என் கையில் இருந்தது, உனக்கு ஒரு எழுத்தும் காட்டவில்லை. இப்போது முப்பது வயதில் குளிருக்குள் தனியாக நின்று பழகுகிறாய்.

மாப்பிள்ளைக்கு நேரமில்லாவிட்டால் வேறு ஆராவது ஒரு சிநேகிதி வந்து மணலில் நிற்கட்டும். ஒருவருமில்லாத நாளில் இறங்கவேண்டாம். அங்கே 6 மணி என்றால் இங்கே பத்தரை, நான் படகிலிருந்து வந்திருப்பேன். எந்த நேரமும் எடுக்கலாம். ஒன்றும் கேட்கமாட்டேன்.

அம்மா மிளகாய்த்தூள் இடிக்கக் கொடுக்கப் போகிறா. முன்னைப்போல 2 கிலோவா, 1 கிலோ போதுமா என்று எழுது.

அன்புடன்,
அப்பா