கிளெய்மா, கையிலிருந்தா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கார் இன்சூரன்ஸ் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், "சின்னக் கீறல் என்றாலும் தயங்காமல் கிளெய்ம் போடுங்கள், அதற்குத்தானே பிரீமியம் கட்டுகிறோம்" என்று ஒரு வரி இருந்தது. அதே எண்ணத்தில் கிளெய்ம் போட்டுச் சூடுபட்டவன் நான். இத்தனைக்கும் கணக்கு எழுதிப் பிழைப்பவன்.

பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் பம்பர் தூணில் உரசிவிட்டது. ஓரம் பிளந்து, டெயில் லேம்ப்பின் சிவப்புச் சில்லு ஒன்று தரையில் கிடந்தது. பட்டறைக்காரர் பம்பரை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "கிளெய்மா, கையிலிருந்தா?" என்றார். "கிளெய்ம்தான்" என்றேன். மூன்று விநாடிகூட யோசிக்கவில்லை.

பில்லில் பாதிகூடக் கைக்கு வரவில்லை. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' பாதுகாப்பைக் கூடுதலாக எடுத்திருந்தால் அது தப்பும், நான் எடுக்கவில்லை. அதற்கு மேல், ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை வேறு. சரி, வந்தவரை லாபம் என்று இருந்துவிட்டேன். ரின்யூவல் நோட்டீஸ் வந்தபோதுதான் உறைத்தது. பல வருடம் ஒரு கிளெய்மும் இல்லாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத் தள்ளுபடி, ஒரே பம்பரில் பூஜ்யம்.

அன்று இரவு உட்கார்ந்து, பட்டறையில் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். இந்தியாவில் இந்த போனஸ் ஏறும் படிகள் 20, 25, 35, 45, 50 சதவீதம். இது நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான், அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான தேர்ட் பார்ட்டி பகுதிக்குக் கிடையாது. தள்ளுபடி இல்லாத ஓன் டேமேஜ் பிரீமியத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். உச்சப் படியில் இருப்பவர் 50 கட்டுகிறார். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் 100. அப்புறம் கிளெய்மே இல்லாமல் ஓட்டினாலும் 80, 75, 65, 55 என்று இறங்கி ஆறாவது வருடம்தான் மறுபடி 50. ஐந்து வருடத்தில் கூடுதலாகக் கட்டுவது 50, 30, 25, 15, 5. மொத்தம் 125. அதாவது இப்போது கட்டும் ஓன் டேமேஜ் பிரீமியத்தைப் போல இரண்டரை மடங்கு! வண்டிக்கு வயதாக ஆக அந்த 100 சற்றுக் குறையும் என்பதால் துல்லியமாக இவ்வளவு வராது. ஆனாலும் பம்பர் பில்லை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. போனஸைக் காப்பாற்றத் தனியாக ஒரு ஆட்-ஆன் (கூடுதல் பாதுகாப்பு) உண்டு. அதை எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வேறு. தூணில் இடித்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறுத்தி வைத்த வண்டியை யாரோ இடித்துவிட்டு ஓடிப்போய், நான் என் பாலிசியில் கிளெய்ம் போட்டாலும் இங்கே போனஸ் போய்விடும். தப்பு யாருடையது என்று அந்தப் படிக்கட்டு கேட்பதில்லை, பணம் வெளியே போனதா என்று மட்டும் பார்க்கிறது. பிரான்ஸில் இப்படி இல்லை. அங்கே பிரீமியத்தைப் பெருக்க ஓர் எண் உண்டு, எல்லோரும் 1-இல் தொடங்குகிறார்கள். விபத்தில்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 5 சதவீதம் குறைந்து 0.50 வரை இறங்கும். முழுத் தப்பும் நம்முடையதானால் 25 சதவீதம் ஏறும், பாதித் தப்பானால் 12.5. நம்மேல் தப்பே இல்லையென்றால் எண் அசையாது. மூன்று வருடம் 0.50-லேயே இருந்தவருக்கு முதல் விபத்தை மன்னித்தும் விடுகிறார்கள். நம் படிக்கட்டில் இதில் ஒன்றையாவது சேர்த்தால் என்ன என்பதைத்தான் கட்டுரை கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் கட்டுரை தீர்க்கவில்லை. "போலீஸ் கேஸ் எதுவும் இல்லையே, ரெக்கார்டில் ஏறாது" என்று நண்பர் ஒருவர் எனக்குத் தைரியம் சொன்னார். அவர் சொன்னது லைசென்ஸ் பதிவு. இன்சூரன்ஸ் கம்பெனி வைத்திருக்கும் கிளெய்ம் பதிவு வேறு புத்தகம். ஜெர்மனியில் இரண்டும் சுத்தமாகத் தனித்தனி. விதிமீறல் புள்ளிகள் ஃப்ளென்ஸ்புர்க் நகரத்துப் பதிவேட்டில் சேரும், 8 ஆனால் லைசென்ஸ் போய்விடும். பிரீமியம் தள்ளுபடியோ கிளெய்மைப் பொறுத்தது. பிரிட்டனில் இரண்டும் கலக்கும். பெரும்பாலான புள்ளிகள் 4 வருடம் லைசென்ஸில் நிற்கும், குடித்துவிட்டு ஓட்டியதென்றால் 11 வருடம். இன்சூரன்ஸ்காரர்கள் அதையும் கேட்டுத்தான் விலை சொல்கிறார்கள். அமெரிக்காவில் கம்பெனிகள் ஓட்டுநர் பதிவைப் பார்ப்பதோடு, 7 வருடம் வரையிலான கிளெய்ம் வரலாற்றையும் வாங்கிப் பார்க்க முடியும். அதனால் ஒரு கம்பெனி "முதல் விபத்து மன்னிப்பு" என்று விட்டுவிட்டாலும், வேறு கம்பெனிக்கு மாறும்போது அந்த விபத்து எழுந்து வந்து நிற்கும்.

கம்பெனி மாறும்போது கிளெய்மே போடவில்லை என்று எழுதிக்கொடுத்து போனஸ் வாங்கலாம் என்று சொல்லித் தருபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். பொய் என்று தெரிந்தால், பெரிய விபத்து நடக்கும் நாளில் ஓன் டேமேஜ் பகுதியே செல்லாமல் போகும்.

நான் சொல்வதெல்லாம் நம் வண்டிக்கு மட்டும் விழுந்த அடிக்கு. ஒருவருக்குக் காயம் என்றாலோ, அடுத்தவர் வண்டியோ சுவரோ சேதமானாலோ கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு "ஒன்றுமில்லை சார், போங்க" என்று கைகுலுக்கியவர் பிறகு நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம். தகவல் சொல்லாமல் விட்டிருந்தால் அப்போது கம்பெனி நம்மிடம்தான் கேள்வி கேட்கும். சேதி சொல்வது வேறு, கிளெய்ம் போடுவது வேறு.

போன வருடம் அதே தூணில் என் மனைவி இன்னொரு முறை உரசினாள். இந்த முறை முன் பம்பர். பட்டறைக்காரர் அதே கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நீங்க முதல்ல பில் எவ்வளவுன்னு சொல்லுங்க. இவர் ஒரு நோட்டு வச்சிருக்கார், அதைப் பார்த்துட்டுச் சொல்றோம்."

கையிலிருந்துதான் கொடுத்தோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்