எங்கள் தெருவின் நடுவில் ஒரு துளை போடுங்கள்

மதிப்பிற்குரிய திட்டப் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஆழ்குழி தோண்டுகிறீர்கள். அதற்காக இரவும் பகலும் மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்கிறீர்கள். வீடுகளில் விரிசல் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும், மனுக்கள் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. போன வாரக் கூட்டத்தில் நீங்கள் சொன்ன பதில் இது: தரையைத் தட்டி அலை ஓடும் வேகத்தை அளக்கும் அலை ஆய்வு செய்தாகிவிட்டது, தெரு முழுக்க மண் ஒரே சீராக இருக்கிறது, விரிசலுக்கும் பணிக்கும் சம்பந்தமில்லை. அதனால்தான் இந்த மடல்.

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடிய சைஸ்மிக் (நில அதிர்வலை ஆய்வு) குழு ஒன்றில் சில காலம் ஜியோஃபோன், அதாவது தரையின் அதிர்வைப் பதியும் கருவி, நட்டவன் நான். உங்கள் ஆட்கள் தெருவில் இரும்புத் தகடு வைத்துச் சம்மட்டியால் அடித்ததை வாசலில் நின்று பார்த்தேன். சில மீட்டருக்குக் கீழே எங்கும் அலை வேகம் வினாடிக்கு 1500 மீட்டர், ஆகவே மண் சீர் என்று அறிக்கையைப் படித்தீர்கள். ஐயா, தண்ணீரில் ஒலி போகும் வேகமே ஏறக்குறைய அதுதான். எங்கள் பக்கம் சில மீட்டரிலேயே தண்ணீர். அதில் ஊறிய மணலானாலும் சேறு போன்ற களியானாலும் நீங்கள் அளந்த பி அலை (ஒலியைப் போல அழுத்தி அழுத்திப் போகும் அலை) கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொல்லும். நீங்கள் அளந்தது தண்ணீரை.

மண்ணின் பலத்தைக் காட்டுவது எஸ் அலை, மண்ணைப் பக்கவாட்டில் அசைத்துப் போகும் அலை. அது தண்ணீர் வழியாகப் போகாது, மண் துகள்களின் பிடிப்பில்தான் போகும். மென்களியில் அதன் வேகம் வினாடிக்கு 180 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். அதை அளந்தீர்களா? நீங்கள் படித்த அறிக்கையில் அந்தப் பேச்சே இல்லை. அப்புறம் இன்னொன்று. மேலே இறுகிய மணலும் கீழே இளகிய களியும் இருந்தால், நீங்கள் செய்த அலைவிலகல் முறை ஆய்வில் அந்தக் களி தென்படவே படாது. கீழே போகப் போக வேகம் கூடினால்தான் அந்த முறை அடுக்கைக் கண்டுபிடிக்கும்.

எண்ணெய் வேலையில் அலைப் பதிவை மட்டும் வைத்துப் பாறையை யாரும் முடிவு செய்வதில்லை. ஒரே பதிவுக்குப் பொருந்துகிற மாதிரிகள் பல இருக்கும். கிணற்றுக்குள் கருவியை இறக்கி வேகத்தையும் அடர்த்தியையும் அளந்து, அதோடு ஒப்பிட்ட பிறகுதான் இது மணற்கல், இது களிப்பாறை என்று வாய் திறப்பார்கள். பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கலாம், சரி. ஒன்றையாவது அரிந்து பார்த்தவனுக்குத்தான் அந்தச் சத்தத்தின் அர்த்தம் புரியும். நீங்கள் தெருவின் இரு முனையிலும் துளை போட்டீர்கள். விரிசல் விட்ட வீடுகள் நடுவில் இருக்கின்றன.

ஆகவே கேட்பது இதுதான்: தெருவின் நடுவில் ஒரு துளை போட்டு, அதற்குள் ஜியோஃபோனை இறக்கி எஸ் அலை வேகத்தை அளந்து, ஏற்கெனவே போட்ட துளைகளின் சாயில் டெஸ்ட் ரிப்போர்ட்டோடும் அலைப் பதிவோடும் சேர்த்து வெளியிடுங்கள்.

எதிர்வீட்டு அக்கா காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். விடியுமுன் ஏலத்துக்குப் போயாக வேண்டும். வீட்டுக் கதவின் நிலை சாய்ந்து, தாழ்ப்பாளும் அதன் துளையும் சேராமல் போய்விட்டது. பள்ளிக்கூடம் போகிற பெண்ணைப் பூட்டாத வீட்டில் தனியே விட்டுப் போக மனம் வராமல் வெளுத்த பிறகே கிளம்புகிறார். அதற்குள் நல்ல மீன் போய்விடும், மிஞ்சியதை எடுத்து வந்து விற்கிறார். பார்க்க வந்த உங்கள் அதிகாரி, தச்சரைக் கூப்பிட்டு இழைத்துக்கொள்ளுங்கள் என்றார். இழைத்தார்கள். சில வாரத்தில் கதவு மறுபடி இடிக்கிறது. இதை நீங்கள் ஒரு அளவீடாகவே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் வடிந்தால் களி மெதுவாகத்தான் அமுங்கும், மாதக்கணக்கில் அமுங்கும். இழைத்த கதவு திரும்ப இடிக்கிறதென்றால் நிலம் இன்னும் இறங்குகிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வடசென்னைக்கு இதெல்லாம் பழக்கம்தான். அனல்மின் நிலையச் சாம்பலா, எண்ணூர்ப் பக்கம் கொட்டுங்கள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கடற்கரையில் வாளியால் அள்ளினார்கள். அந்த வாளிகள் மிச்சம் இருந்தால் கொடுங்கள், விரிசல் வழியாக ஒழுகும் மழைநீருக்கு வைத்துக்கொள்கிறோம்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். பணியை நிறுத்தச் சொல்லவில்லை. அது முடிந்தால் எங்களுக்கும் நல்லதுதான். நடுத்தெருவில் ஒரு துளை, அதில் எஸ் அலை அளவு, முழு அறிக்கை. முடிவு வரும்வரை இறைக்கும் வேகத்தைக் குறைத்து, வீட்டுச் சுவர்களில் இறக்கம் காட்டும் குறிகளைப் பொருத்துங்கள். அறிக்கையைத் தமிழில் அச்சடித்து வேலை நடக்கும் இடத்துத் தகரத் தடுப்பில் ஒட்டிவிடுங்கள், படித்துக்கொள்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு முன் செய்துதரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டைவாசி ஒருவன்