மலைப்பாதை நடக்கும் முன், மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

மாசி மாதம் லீவு போட்டு வந்து, கூட வேலை செய்யும் பிள்ளைகளோடு பெக்கோ ட்ரெயில் நடக்கப்போவதாகச் சொன்னாய். கேட்டதிலிருந்து சந்தோஷம் தாங்கவில்லை. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில், கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது அந்தப் பாதை. 22 பகுதிகள், 300 கிலோமீட்டருக்கு மேல். முழுவதும் நடக்க உங்கள் லீவு போதாது. ஹந்தானையிலிருந்து கலஹா, அங்கிருந்து லூல்கந்துர, அப்புறம் பஸ் பிடித்து அப்புத்தளைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசியில் மழை குறைவு. ஆனாலும் அட்டை இருக்கும், நீளக் காலுறையும் கொஞ்சம் உப்பும் எடுத்துக்கொள்.

பாதையில் பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைதான். வெட்டியவர்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள். லூல்கந்துரயில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவர் உட்கார்ந்த கல்லிருக்கையைக் காட்டுவார்கள், பார். அவர் பெயரைப் புத்தகத்தில் படிக்கலாம். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டிக் கன்று நட்டவர்களைப் பற்றி வீடுகளில்தான் கேட்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், துரை பங்களாக்களை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார்களே, அங்கே தங்காதே. கிராமத்திலும் தோட்டத்திலும் வீட்டில் ஓர் அறை ஒதுக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் தங்கு.

சித்தியும் நானும் கலஹாப் பக்கம் நடந்தபோது அப்படி ஒரு வீட்டில்தான் தங்கினோம். அந்த அக்கா வேலை விட்டு வந்ததும் விறகடுப்பை மூட்டி, தேங்காய் திருவி, மாவோடு பிசைந்து உள்ளங்கையிலேயே ரொட்டி தட்டினார். கொழுந்துச் சாறு ஏறி விரல் ரேகையெல்லாம் கறுத்திருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்றார். அம்மியில் அரைத்த சம்பலும் பிளேன்டீயுமாகச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சு தொடங்கியது. நம் ஆட்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகளும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருடைய பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போயிருக்கிறது. தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள், உனக்கும் பாட்டி சொல்லியிருப்பார். அவர்கள் இப்போது நீலகிரிக் கூடலூரிலும் கொழுந்துதான் எடுக்கிறார்களாம். பேச ஆள் கிடைத்ததே என்று அவர் விடவேயில்லை.

நம் வீட்டிலும் இதே கதைதான். என் பாட்டியின் பாட்டி திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தவர். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023-இல் நம் ஆட்கள் வந்து 200 ஆண்டானதன் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகத்தார் நடந்தார்களே, முடிவில் மாத்தளையில் நானும் நின்றேன். நீ நடக்கப்போவதும் எனக்கு அதோடு சேர்ந்ததாகத்தான் தெரிகிறது. உன் நண்பர்களுக்கும் இதைச் சொல். காட்சி மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களாக அவர்கள் இருக்கக் கூடாது.

இன்னொன்று. மலையில் கொழுந்து எடுப்பவர்களைப் போட்டோவுக்காக நிறுத்தி வைக்காதீர்கள். நிறை குறைந்தால் அன்றைய சம்பளத்தில்தான் விழும். மாலையில் நிறுவை முடிந்து வரும்போது பேசலாம், ஆசையாகப் பேசுவார்கள். தங்கும் வீட்டில் வாடகையைப் பேரம் பேசாமல் அவர்கள் கையிலேயே கொடுங்கள். அவர்கள் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகவேண்டியவர்கள், ராத்திரி வெகுநேரம் உட்கார வைக்காதீர்கள்.

அப்புத்தளைக்குப் போனால் தம்பதென்னையில் தேயிலை வியாபாரி லிப்டன் கட்டிய 1890-ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது, உள்ளே போய்ப் பாருங்கள். மேலே லிப்டன் சீட் என்ற மலைமுகட்டுக்கு விடிந்ததும் ஏறிவிடுங்கள், நேரமானால் மூடுபனிதான்.

கலஹா அக்காவிடம் சொல்லிவைக்கிறேன். எத்தனை பேர் வருகிறீர்கள், யாராவது சைவமா என்று எழுது.

அன்புடன்,
அம்மா