வடக டப்பாவுக்கு அடியில்

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், உன் பக்கம் மாப்பிள்ளை இருக்கிறார். அதனால்தான் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன்.

ஐப்பசி பிறந்துவிட்டது. பத்து கிலோ புழுங்கலரிசி வாங்கி மேல் தட்டில் வை. அவல், வெல்லம், பொரிகடலை, சத்துமாவு, இதெல்லாம் அடுப்பில்லாமலே தின்னலாம். இரண்டாவது சிலிண்டர் வேண்டாம், கரண்ட் அடுப்பு போதும் என்றாய். கரண்ட் போனால் அது வெறும் பலகைதான்.

மேல் தட்டு என்று சும்மா சொல்லவில்லை. 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி பாண்டிச்சேரிப் பக்கம் கரையைக் கடந்ததும், தப்பித்தோம் என்று அரிசி மூட்டையைக் கீழே இறக்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை ஆற்றில் வந்து வாசற்படி ஏறியது. நனைந்த அரிசி மறுநாளே நாறிவிட்டது.

அப்புறம் பணம். கரண்ட் இல்லாவிட்டால் ஏ.டி.எம். கிடையாது, சார்ஜ் இல்லாவிட்டால் ஜிபே கிடையாது. பத்தும் இருபதும் ஐம்பதுமாக மூவாயிரம் வீட்டில் இருக்கட்டும். ஐந்நூறை நீட்டினால் சில்லறை இல்லையென்று பால் பாக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் போடு. அடகுச் சீட்டு ஏதாவது இருந்தால் அதையும் போடு. இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆடிக்கு வந்தபோது உன் செயின் புதுசாகப் பளபளத்தது, கழுத்தோரம் கறுத்திருந்தது. வேர்வையாக இருக்கும்.

ஆபீஸே உன் கணக்கில்தான் ஓடுகிறது, உனக்கு நான் கணக்குச் சொல்வதா என்று சிரிப்பாய். சரி. ஆனால் மூன்று வாரமாக "சாப்பிட்டேன், வைக்கிறேன்" என்பதைத் தாண்டி உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நான் என்ன அந்நியமா?

கேட்க எனக்கு வாயில்லை, அது வேறு. உன் ஜிமிக்கி புயலில் போகவில்லை பாப்பா.

2011இல் தானே புயல் அடித்த நாலாம் நாள் வீட்டில் இருபத்தேழு ரூபாய்தான் இருந்தது. அப்பா கொடுத்து வைத்த ஆறாயிரத்தை அவருக்குத் தெரியாமல் தெருக்கோடியில் ஒருத்தியிடம் வட்டிக்கு விட்டிருந்தேன். அவள் வீடே சாய்ந்து கிடந்தது, போய் என்னவென்று கேட்பது? ஜெனரேட்டர் கொண்டுவந்து தண்ணீர் ஏற்றுகிறவன் கையில் காசு வைத்தால்தான் மோட்டாரைத் தொடுவேன் என்றான். ஜிமிக்கியை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். கடைக்காரர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடை போட்டார். மீட்க முடியவில்லை, ஏலத்தில் போய்விட்டது.

நீ ஒரு வாரம் உடைந்த ஓட்டுக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தாய். ஒரு நாள் விரலில் ரத்தத்தோடு வந்து, "அந்த மூலை இன்னும் பாக்கலம்மா" என்றாய். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இன்றைக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை அங்கே வருகிறார், தாளிப்பு வடகமும் நெத்திலிக் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன். வடக டப்பாவுக்கு அடியில் ஒரு கவர் இருக்கும், எல்லாம் ஐம்பது ரூபாய் நோட்டு. மாப்பிள்ளை வெளியே போனதும் பிரி. சிலிண்டருக்குப் பதிந்துவிடு.

அம்மா