அந்த முதல் பத்தியை அடிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆய்வு நெறியாளர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களின் ஆய்வு முன்மொழிவுகளைப் படித்துத் திருத்த உதவுவது என் வேலை. சென்ற பருவத்தில் ஒரு மாணவி கொண்டுவந்த தாளில் முதல் பத்தி முழுவதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில், 'சொந்தக் கதை வேண்டாம்.'

அடிபட்ட வரிகளைப் படித்தேன். அவளுடைய தாத்தா தனியாக இருக்கும்போது செவிக்கருவியை மாட்டிக்கொள்வார். நாலு பேர் கூடிப் பேசத் தொடங்கினால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "சத்தம் கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை" என்பாராம்.

பல குரல்களுக்கு நடுவே ஒரு குரலை மட்டும் எப்படிப் பிரித்தறிகிறோம் என்று 1953இல் காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் ஆராய்ந்தாரே, அதே கேள்வி இது. பேச்சைப் பெருக்கும் கருவி இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. இன்றும் முழுதாகத் தீராத சிக்கல். செர்ரியின் பெயரைக் கேள்விப்படும் முன்பே இந்தப் பெண் அங்கே வந்து சேர்ந்துவிட்டாள். அடித்த பத்திக்குப் பதிலாக அவள் எழுதியது என்ன தெரியுமா? 'இத்துறையில் மேலும் ஆய்வுகள் தேவைப்படுகின்றன.' எந்தத் துறைக்கும் பொருந்தும் வரி! எனக்கு மனம் ஆறவில்லை.

சொந்தக் கதையிலிருந்து பெரிய ஆய்வும் பிறக்கும். 1968இல் தாய்க்கு ஹன்டிங்டன் நோய் (மூளையைச் சிதைக்கும் பரம்பரை நோய்) என்று தெரிந்தபோது அமெரிக்காவின் நான்சி வெக்ஸ்லர் இளம் மாணவி. தமக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டென்று அறிந்தே அந்த நோயைத் தம் ஆய்வாக எடுத்துக்கொண்டார். அவரும் பங்கேற்ற கூட்டு முயற்சியில் 1983இல் அந்நோய்க்குக் காரணமான மரபணு இருக்கும் இடமும், 1993இல் மரபணுவும் கண்டறியப்பட்டன.

சொந்த அனுபவம் கண்ணை மறைக்கும் என்ற உங்கள் அச்சம் நியாயமானதுதான். தாத்தா ஒருவரை வைத்து எல்லாக் காதுகளையும் எடைபோட முடியாது. ஆனால் அதைச் சொல்லித்தரத்தானே நெறியாளர்? "இதை எப்படி அளப்பாய்? எது நடந்தால் உன் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வாய்?" என்று கேளுங்கள். கேள்வி கூர்மையாகும்.

இன்னொன்றும் உண்டு. நேர்காணலில் சிலர் மாணவர்களின் துயரத்தைத் தோண்டித் தோண்டிக் கேட்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சொல்ல விரும்புகிறவர் சொல்லட்டும். வெறும் ஆர்வத்தால் வருகிறவரிடம் காயத்தைக் காட்டச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆய்வகத்துக்குப் போவதா, செவித்திறன் நிபுணராவதா என்று அந்த மாணவி இன்னும் முடிவு செய்யவில்லை. அவளுடைய முன்மொழிவு அடுத்த வாரம் உங்களில் ஒருவர் மேசைக்கு வரும். அடித்த பத்தியைத் திரும்பச் சேர்த்திருக்கிறோம்.

அன்புடன்,
ஒரு கல்லூரிப் பணியாளர்