மேட்டுக்கு ஏறும் ரேஷன் வரிசை

மாண்புமிகு தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கொல்லிமலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகும் மலையைவிட்டு இறங்கவில்லை.

எங்கள் சிற்றூரில் ரேஷன் போடும் நாளில், விற்பனையாளர் கைரேகை மெஷினை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறுவார். அங்கேதான் டவர் கிடைக்கும். அவர் பின்னால் வரிசையும் ஏறும். மூட்டுவலியோடு வரும் பாட்டிகள், இடுப்பில் பிள்ளையைச் சுமந்த தாய்மார்கள், அன்றையக் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். விரல் பதிந்தால் மறுபடி இறங்கிவந்து அரிசி வாங்க வேண்டும். பதியவில்லை என்றால் நாளைக்கு. அரிசி கடைக்குள் இருக்கிறது, அட்டை கையில் இருக்கிறது, விற்பனையாளருக்கு அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அப்படியும் நாளைக்கு. அவர்மீது எனக்குக் குறையில்லை. மெஷினில் ஏறாமல் அரிசி போட்டால் கணக்கு அவர் தலையில்தான் விழும்.

இணையம் அடிப்படை உரிமையா என்ற பேச்சு வந்தால், படம் பார்ப்பதும் அரட்டை அடிப்பதும் ஓர் உரிமையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. சாதிச் சான்றிதழ், பட்டா நகல், கல்வி உதவித்தொகை, அரசுத் தேர்வு விண்ணப்பம் என்று ஒவ்வொன்றாக இணையத்துக்குக் கொண்டுபோனது அரசு. 2023 ஜனவரி முதல், நூறு நாள் வேலைக்கு வந்ததற்குச் சான்றாகச் செயலியில் படம் ஏற்றுவதும் கட்டாயமாயிற்று. நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். நாமக்கல்லுக்கு அலையும் பஸ் செலவு பலருக்கு மிச்சமானது. ஆனால் மற்ற வாசல்களை அடைத்துவிட்டு ஒரே ஒரு வாசலைத் திறந்துவைத்தவர்தான், அதற்குப் பாதையும் போட்டுத்தர வேண்டும். அரிசி எங்கள் உரிமை, படிப்பு எங்கள் உரிமை என்றால், அவற்றுக்குப் போகும் ஒரே பாதை மட்டும் எப்படிச் சலுகையாகும்?

என் மாணவி ஒருத்தி பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை உறுதிசெய்ய வேண்டிய கடைசி மாலை, மழையில் டவர் போய்விட்டது. அவளுடைய அப்பா பைக்கில் ஏற்றிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் இறங்கிக் காரவள்ளிக்குப் போனார். அங்கே நின்று பதிவு செய்தார்கள். அந்த வீட்டில் பைக் இருந்தது. இல்லாத வீடுகளை நினைத்து நான் தூங்காத இரவுகள் உண்டு.

நீதிமன்றங்கள் இந்த வழியில் ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்டன. விடுதியில் செல்பேசியை ஒப்படைக்க மறுத்து வெளியேற்றப்பட்ட ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு என்னை இன்னும் அதிகமாகத் தொட்டது. அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்குகள் அவை. அடையாளச் சரிபார்ப்பில் கண்ணை இமைத்துக் காட்டச் சொன்னது கணினி. கண் வெந்துபோனவர் எப்படி இமைப்பார்? டிஜிட்டல் சேவைகளைப் பெறுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு கூறியது. மேட்டில் நிற்கும் எங்கள் பாட்டிகளின் தேய்ந்த விரல் ரேகையும் அந்தக் கண்களுக்கு உறவுதான்.

தொலைத்தொடர்பு ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது என்று சொல்வீர்கள். கேரளத்துக்கும் அதே நிலைதான். இணையம் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று அறிவித்து, 2023 ஜூன் 5 அன்று அந்த மாநிலம் தன் சொந்த இணையத் திட்டத்தைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதல் கட்டத்துக்கு எடுத்துக்கொண்டதோ தொகுதிக்கு 100 வீடு வீதம் 14,000 வீடுகள். போதாதுதான். ஆனாலும் அங்கே ஓர் ஏழை, தனக்கு இன்னும் வரவில்லையே என்று அரசைக் கேட்க முடியும். இங்கேயும் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் திட்டம் இருக்கிறது. மலை ஊராட்சி என்பது ஒரே ஊர் அல்ல, காடும் ஓடையும் பிரித்துப்போட்ட பல சிற்றூர்கள். ஊராட்சி அலுவலகத்தோடு கம்பி நின்றுவிட்டால், எங்களுக்கு அது ஏற வேண்டிய இன்னொரு மேடு.

சின்னச் சட்டம் ஒன்று கேட்கிறேன். இணைப்பு இல்லை, கைரேகை பதியவில்லை என்ற காரணத்துக்காக அரசின் எந்தச் சேவையையும் மறுக்கக் கூடாது. பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு அன்றைக்கே கொடுக்க வேண்டும். சுற்றறிக்கை போதாது, அதை நம்பிக் கடைநிலை ஊழியர் துணிய மாட்டார். இணைப்பு எட்டாத சிற்றூர்களின் பட்டியலை ஆண்டுதோறும் பேரவையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நாள் குறிக்க வேண்டும். அரசு கொண்டுவராவிட்டால், உங்களில் ஒருவராவது தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவாருங்கள். மலைத் தொகுதிகளின் உறுப்பினர்களிடம் இதை முதலில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கொல்லிமலை