எர்லாங்கன் மலைத் திருவிழா

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். குளிர் ஒருவழியாக விட்டுவிட்டது. பீர் திருவிழாவைப் பற்றி நீ போனில் கேட்டபோதே அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று உன் குரலில் தெரிந்துவிட்டது. அதனால்தான் பேச்சை மாற்றினேன். விவரம் இதோ.

நீ நினைப்பது இங்கே ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் நடக்கும் பீர் விழா, அக்டோபர்ஃபெஸ்ட். நாங்கள் போகப்போவது எங்கள் எர்லாங்கனிலேயே நடக்கும் பெர்க்கியர்ச்வைக்கு. ஊர்க்காரர்கள் சுருக்கமாக ‘பெர்க்’ என்பார்கள், மலை என்று அர்த்தம். மியூனிக் விழா 1810இல் தொடங்கியது, இது 1755இலேயே. இதைச் சொல்லாமல் எந்த எர்லாங்கன்காரரும் பேச்சை முடிப்பதில்லை! பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவப் பண்டிகைக்கு முந்தைய வியாழன் மாலை ஐந்து மணிக்கு மேயர் முதல் பீப்பாயைத் திறப்பார். அதிலிருந்து பன்னிரண்டு நாள்.

மியூனிக்கில் பெரிய பெரிய கூடாரங்கள். இங்கே மரத்தடியில் நீள பெஞ்சுகள்தான். குளிர்பதன இயந்திரம் வராத காலத்தில் பீர் கெடாமலிருக்க, புர்க்பெர்க் என்ற இந்த மலையின் மணற்பாறையைக் குடைந்து சுரங்க அறைகள் வெட்டியிருக்கிறார்கள். உள்ளே கோடையிலும் சில்லென்று இருக்கும். பீர் இருந்த இடத்திலேயே, வாசலில் நிழலில் உட்கார்ந்து குடிக்கப் பழகியவர்கள் இன்றும் அங்கேதான் உட்காருகிறார்கள். எனக்கு அந்தச் சுரங்கத்தைப் பார்க்கத்தான் ஆசை. நம்பினால் நம்பு. ஊரில் 1712 முதல் இருந்த கிட்ஸ்மான் பீர் ஆலை 2018இல் மூடப்பட்டதை நினைத்து வயதானவர்கள் இன்னும் புலம்புகிறார்கள்.

என்றைக்குப் போவது என்று லேபில் ஒரே சண்டை. முதல் நாள் கூட்டம் நெரியும். செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்தில் வகுப்பு கிடையாது, அன்றைக்கு மதியமே போய் இடம் பிடிப்பதாக முடிவு. சாயங்காலமானால் பாட்டுக் குழு வாசிக்க, எல்லோரும் பெஞ்சின் மேல் ஏறி நின்று பாடுவார்களாம். அதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பீர் ஒரு லிட்டர் மண்குவளையில்தான் வரும். குவளைக்கு டெபாசிட் தனி, திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். விழாவுக்கென்று காய்ச்சுவது வழக்கமானதைவிடக் கொஞ்சம் காட்டம் என்கிறார்கள். எனக்கு ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த ஷோர்லே போதும். இல்லையென்றால் பாதி லெமனேட், பாதி பீர் கலந்த ராட்லரை ஒரு வாய் பார்க்கலாம். இந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

சாப்பாடு பிரச்சினையில்லை. மற்றவர்கள் ரொட்டிக்குள் மூன்று சாசேஜ் வைத்துத் தருவதை வாங்குவார்கள். எனக்கு ப்ரெட்செல் என்ற முடிச்சு வடிவ ரொட்டியும், வெண்ணெயும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசைந்த ஒபாட்ஸ்டா என்ற சீஸும். அந்த மிளகாய்த்தூளில் காரம் என்று ஒன்று இல்லவே இல்லை, அது வேறு விஷயம். அப்புறம் ராட்டினம். இரவு பதினொன்றுக்கு எல்லாம் மூடிவிடும், அதற்கு முன்பே கிளம்பிவிடுவோம்.

அம்மா கேட்டால் சர்ச் பண்டிகைச் சந்தை என்று சொல். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது, பொய்யில்லை. அத்தானிடம் மட்டும் உண்மையைச் சொல்லலாம். குட்டிக்கு என் முத்தம்.

அன்புடன்,
உன் தங்கை